கூடையில் இருப்பதெல்லாம் மீனா?

ஞாயிற்றுக்கிழமை காலை, பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு வாசலில் மீன்கூடை இறங்கியது. உவரிப் பக்கத்துச் சரக்கு. சாளை, ஒரு துண்டு திருக்கை, கொஞ்சம் இறால், நாலு நண்டு, ஓட்டுக் கணவாய். "என்ன மீனு இருக்கு?" என்று அக்கா கேட்க, மீன்கார அம்மா இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார். கேட்டவருக்கும் குழப்பமில்லை, சொன்னவருக்கும் குழப்பமில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த மருமகனுக்குத்தான் குழப்பம். ஏழாம் வகுப்பு. "உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்" என்று விடிந்ததிலிருந்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நண்டு மீனா?"

"ஒன் புஸ்தகத்துல என்னல போட்டிருக்கு?"

"கணுக்காலின்னு போட்டிருக்கு. ஆனா அம்மா மீன்னுதான வாங்குதா?"

புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு இருவரும் கூடைப் பக்கம் போனோம்.

ஒரே கூடையை மூன்று பேரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் மூன்று விதமாகப் பிரிப்பார்கள். அக்கா பிரித்தால் சாளை குழம்புக்கு, இறால் தொக்குக்கு, நண்டு ரசத்துக்கு. மீன்கார அம்மா பிரித்தால் விலை ஏறியது ஒரு பக்கம், இன்றைக்கே தள்ளிவிட வேண்டியது இன்னொரு பக்கம். இரண்டிலும் தப்பு கிடையாது. எதற்காகப் பிரிக்கிறோமோ அதற்கு ஏற்ற மாதிரிதான் பிரிவு வரும். மூன்றாவது ஆள் உயிரியல் படித்தவர். அவருக்கு ருசியும் வேண்டாம், விலையும் வேண்டாம். அவர் கேட்பது ஒன்றுதான்: இதில் யாருக்கு யார் சொந்தம்? வகைப்பாடு என்பது அந்தச் சொந்தத்தைத் தேடும் வேலை.

சரி, அவர் எப்படிப் பிரிப்பார்? நண்டையும் இறாலையும் முதலில் எடுத்து ஒரு பக்கம் வைப்பார். இரண்டுக்கும் உள்ளே எலும்பு இல்லை, வெளியேதான் ஓடு. கால்கள் கணுக்கணுவாக மடங்குகின்றன. உடம்பு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு போட்டுக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட உடம்பு வேறு யாருக்கு இருக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே தேடினால் கரப்பான், எறும்பு, சிலந்தி, கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடக்கும் தேள், மழைக்கு வெளியே வரும் பூரான். எல்லாரும் கணுக்காலிகள். அதிலும் பூச்சிகள் என்ற பெரும் படையே, பழைய காலத்தில் இறாலும் நண்டும் வந்த கூட்டத்திலிருந்து கிளைத்த ஒன்று என்றுதான் இன்றைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக இறாலுக்குச் சாளையைவிடக் கரப்பான் எவ்வளவோ நெருங்கிய சொந்தம். இறால் தொக்கு வைக்கும் வீட்டில் இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லக்கூடாது. நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்தது கணவாய். மெத்தென்ற உடம்பு, வாயைச் சுற்றிக் கைகள். கழுவும்போது உள்ளேயிருந்து வெள்ளையாக ஓர் ஓடு வரும் அல்லவா? லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டிவிடுவார்களே, அதுதான். நத்தைக்கும் சிப்பிக்கும் வெளியே இருக்கிற ஓடு, இதற்கு உள்ளே போய்விட்டது. ஊசிக் கணவாயில் அது இன்னும் மெலிந்து கண்ணாடி மாதிரி ஒரு தகடாக நிற்கிறது. பேய்க் கணவாயில், அதாவது ஆக்டோபஸில், அநேகமாக இல்லவே இல்லை. ஆகவே கணவாய்க்குச் சொந்தம் வயல் வரப்பில் ஊரும் நத்தை, தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் அள்ளிய சிப்பி, சங்கு. இவை மெல்லுடலிகள்.

மிச்சம் சாளையும் திருக்கையும். இரண்டுக்கும் முதுகெலும்பு உண்டு. முதுகுநாணிகள் என்ற தொகுதி. நீங்களும் நானும் அதே தொகுதிதான். இங்கேதான் என் மருமகன் நம்ப மறுத்த விஷயம் வருகிறது. திருக்கைத் துண்டைக் கடித்தால் முள் மெதுக்கென்று மசியும். சுறாவுக்கும் அப்படித்தான். குருத்தெலும்பு, நம் காது மடலில் இருப்பது மாதிரி. சாளையின் முள் கெட்டியான எலும்பு, தொண்டையில் சிக்கினால் தெரியும். இந்தக் கெட்டி எலும்புக் கிளை, சுறாவும் திருக்கையும் உள்ள கிளையிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது. பிரிந்த அந்தக் கிளையிலிருந்து ஒரு பக்கம் சாளை, விரால், கெண்டை எல்லாம் வந்தன. இன்னொரு பக்கம் தவளை, பல்லி, கோழி, மாடு, கடைசியாக நாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாளைக்குத் திருக்கையைவிட நாம் கிட்டத்துச் சொந்தம்.

"அப்ப மீன்னு ஒண்ணு கெடையவே கெடையாதா மாமா?" என்றான். கூடைக்கு உண்டு. கொடிவழிக்குக் கிடையாது.

கொடிவழி, அதாவது வம்சாவளி, என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குக் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கமே வேண்டாம். சென்னையிலும் மும்பையிலும் துபாயிலும் கிடப்பவர்கள் அன்றைக்கு ஏதோ ஒரு குளக்கரையில், ஏதோ ஒரு காட்டோரத்தில் கூடி அடுப்பு மூட்டுவார்கள். பக்கத்து அடுப்பில் பொங்கல் கிளறிக்கொண்டிருக்கும் ஆளுக்கும் நமக்கும் நிறம் ஒன்றில்லை, தொழில் ஒன்றில்லை, பேச்சுகூட மாறிப்போயிருக்கும். விசாரித்துப் பார்த்தால் நாலு தலைமுறைக்கு முன்னால் ஒரே தாத்தா. பங்காளி! ஆனால் வருஷம் பூராவும் அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, நம்மைப் போலவே உடுத்தி, நம் கடையிலேயே மளிகை வாங்குகிறவர் அந்த வகையறாவில் இல்லை. சாயலும் இருப்பிடமும் தொழிலும் சொந்தத்துக்குச் சாட்சி ஆகாது. உயிரினங்களிலும் இதே கதைதான்.

சாயலை நம்பி ஏமாந்ததற்குப் பெரிய உதாரணம் திமிங்கலம். 2016 ஜனவரியில் மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரை ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். மீனவர்கள் அவற்றைத் திரும்பக் கடலுக்குள் இழுத்துவிடப் பாடுபட்டார்கள். அவை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர்கள். செவுள் கிடையாது, நுரையீரல்தான். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், திமிங்கலம் மேலும் கீழும் அடிக்கும். துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல் எலும்புகள் இருக்கும். நிலத்தில் நடந்த பாட்டன் கடலுக்குள் போய்க் குடியேறிய வம்சம் அது. அந்தப் பாட்டன் யார் வீட்டு ஆள் தெரியுமா? ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை எல்லாம் இருக்கிற இரட்டைக் குளம்புக் கூட்டம். ஆக, நம் ஊர் வண்டி மாட்டுக்குக் குதிரையைவிடத் திமிங்கலம் நெருங்கிய உறவு. முதல்முறை படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் எலும்பும் மரபணுவும் இரண்டும் அதையே சொல்கின்றன.

இறக்கையும் அப்படி ஒரு வலை. தட்டான், நாரை, வௌவால் மூன்றும் பறக்கின்றன. நாரையின் இறக்கை சிறகு போர்த்திய கை. வௌவாலின் இறக்கை, நீண்டு வளர்ந்த நாலு விரல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய தோல். கட்டை விரல் மட்டும் கொக்கி மாதிரி வெளியே நிற்கும். தட்டானின் இறக்கையில் கையுமில்லை, விரலுமில்லை, எலும்பே இல்லை. பறக்கிற வேலையை மூன்று வம்சங்களும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

பறவை என்றதும் கூந்தன்குளத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே கூடு கட்டும் நாரையையும், ஒரு முதலையையும், தோட்டத்தில் ஓடும் உடும்பையும் நிறுத்தி யாரும் யாரும் பங்காளி என்று கேட்டால், செதிலைப் பார்த்து முதலையையும் உடும்பையும் சேர்ப்போம். உண்மையில் முதலைக்கு நாரைதான் நெருக்கம். இரண்டுக்கும் இதயம் நாலு அறை. இரண்டும் கூடு வைத்து முட்டையைக் காவல் காக்கும். டைனோசர்கள் இருந்த அதே பெரிய கிளையில் மிஞ்சிய இரண்டு வாரிசுகள் முதலையும் பறவையும்தான். கோழி அடிக்கும் வீட்டில் அந்தக் காலை ஒருதரம் நன்றாகப் பாருங்கள், செதில் தெரியும்.

பெயர்களும் நம்மை ஏமாற்றும். பனையேறிகளிடம் கேட்டால் மரநாயைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள், இரவோடு இரவாகக் கலயத்தில் வாய் வைத்துவிட்டுப் போகிற திருடன் அது. பெயர்தான் நாய். வம்சம் பூனைப் பக்கம். கழுதைப்புலி கழுதையுமில்லை, புலியுமில்லை. அதற்கு நாய்ச் சாயல் இருந்தாலும் அதுவும் பூனைப் பக்கத்து ஆள்தான், கீரிக்குக் கிட்ட. உடம்பெல்லாம் செதிலோடு ஊர்வன மாதிரி இருக்கும் அழுங்கு, பால் கொடுக்கும் பாலூட்டி. நட்சத்திர மீனில் மீன் இல்லை. மன்னார் வளைகுடாவின் கடல் அட்டைக்கும் காட்டில் காலைப் பிடிக்கும் அட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. கடல் அட்டையும் நட்சத்திர மீனும் முட்தோலிகள். இந்த முட்தோலிகள் நண்டைவிட நமக்கு நெருக்கம் என்பது இன்னொரு அதிர்ச்சி.

அதற்காக நம் பெயர் வைக்கும் முறை மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல பாம்பு, சாரைப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு என்று சொல்லும்போது இன்ன கூட்டம், அதில் இன்னது என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். அறிவியல் பெயரும் இதே இரண்டு சொல்தான், முன்பின் மட்டும் மாறும். நமக்குக் கூட்டம் கடைசியில், அங்கே கூட்டம் முதலில். புலி பாந்தெரா டைகிரிஸ், சிறுத்தை பாந்தெரா பார்டஸ், சிங்கம் பாந்தெரா லியோ. முதல் சொல் ஒன்றாக இருந்தால் மூன்றும் ஒரே பேரினம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால் வரும் குழப்பமும் இல்லை.

கடைசி சொல் சிற்றினம். அது என்ன என்று கேட்டால் எளிய பதில் இது: இயல்பாகச் சேர்ந்து, குட்டி போட்டு, அந்தக் குட்டியும் வம்சம் வளர்க்க முடிந்தால் ஒரே சிற்றினம். கோவில்பட்டிப் பக்கத்துச் சிப்பிப்பாறை நாயும் தெருவில் படுத்திருக்கும் நாட்டு நாயும் எவ்வளவு வித்தியாசமாக இருந்தாலும் ஒரே சிற்றினம். குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும், ஆனால் அதற்கு வம்சம் இல்லை. செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் குதிரைக்கு 64, கழுதைக்கு 62, நடுவில் மாட்டிக்கொண்ட அதற்கு 63. சாரைதான் ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் பின்னிக் கிடக்கும் என்று எங்கள் ஆச்சி சத்தியம் செய்வாள். இரண்டும் வேறு வேறு சிற்றினம் மட்டுமில்லை, வேறு வேறு குடும்பம். பின்னி எழுந்து ஆடுவது பெரும்பாலும் பெண்ணுக்காக மல்லுக்கட்டும் இரண்டு ஆண் சாரைகள். ஆச்சியிடம் இதைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

இப்போது அந்த ஏழு சொல்லுக்கு வரலாம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் சிங்கவால் குரங்கு இருக்கிறது. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. அதே காட்டில் கருமந்தியும் உண்டு, அதுவும் கறுப்பு. பாபநாசத்திலும் குற்றாலத்திலும் நம் கைப்பையைப் பிடுங்குகிற செம்மண் நிற நாட்டுக் குரங்கு மூன்றாவது. யாரும் யாரும் நெருக்கம்? கறுப்பும் கறுப்பும் என்றுதான் வாய் வரும். ஆனால் சிங்கவால் குரங்கு மக்காக்கா சைலீனஸ், குற்றாலத்துத் திருடன் மக்காக்கா ரேடியேட்டா. ஒரே பேரினம். இரண்டும் கிடைத்ததைக் கன்னத்துப் பையில் அடக்கிக்கொள்ளும். கருமந்திக்குக் கன்னப் பை இல்லை, இலை தின்று செரிக்க அறை அறையாகப் பிரிந்த வயிறு உண்டு. அது செம்னோபித்தேகஸ் ஜானி, வேறு பேரினம். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியாரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பம். அதற்கு மேலே பிரைமேட் என்னும் வரிசைக்குப் போனால் அங்கே நாமும் நிற்கிறோம். இன்னும் மேலே பாலூட்டி வகுப்பில் அழுங்கும் வௌவாலும் திமிங்கலமும் வந்து சேரும். முதுகுநாணித் தொகுதியில் சாளையும் திருக்கையும். விலங்கு உலகம் என்ற உச்சியில் நண்டும் கணவாயும் கடற்பஞ்சும்கூட. மேலே ஏற ஏறப் பொதுப் பாட்டன் பழையவராகிறார், வாரிசுகள் கூடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் முதுகெலும்பு உள்ளவர்கள் சின்னக் கூட்டம். இதுவரை பெயர் வைத்த விலங்குகள் ஏறத்தாழ 15 லட்சம். அதில் பூச்சிகள் மட்டுமே 10 லட்சம் பக்கம். பறவைகள் சுமார் 11,000, பாலூட்டிகள் 6,500 சொச்சம்.

உயிர்களை வகைப்படுத்தும் ஆசை நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல் புலன்களை எண்ணிப் பிரித்தது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு என்ற ஓரறிவு, நத்தை வகைக்கு இரண்டு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து, மனிதனுக்கு மனத்தோடு ஆறு. ஒரே அளவுகோலை எடுத்துக்கொண்டு எல்லா உயிரையும் அடுக்கிப் பார்த்த துணிச்சல் அது. ஆனால் ஒற்றை அளவுகோலின் சிக்கலும் அங்கேயே தெரிகிறது. நண்டும் எறும்பும் ஒரே கணுக்காலிக் கூட்டம், புலனை எண்ணினால் பிரிந்துபோகின்றன. எனக்கு அதே மரபியலில் அதிகம் பிடித்தது செடிகளைப் பற்றிய இடம்தான். வெளியே வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம் என்கிறது. அந்தக் கணக்கில் நம் பனை ஒரு புல்! இன்றைய தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரங்களில், நெல்லும் அறுகும் உள்ள பக்கமே வைக்கிறது.

இரண்டு சொல் பெயரை நிலைநிறுத்தியவர் ஸ்வீடனின் லின்னேயஸ். அவருடைய 'சிஸ்டெமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பு 1758-இல் வந்தது, விலங்குப் பெயர்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1735-இன் முதல் பதிப்பில் மீனாக இருந்த திமிங்கலத்தை இதில் பாலூட்டிக்கு மாற்றினார். எங்கேயும் பொருந்தாத மெத்துடம்பு உயிர்களை எல்லாம் புழுக்கள் என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டதும் அவர்தான். ஏன் உயிர்கள் இப்படிக் கூட்டம் கூட்டமாக அமைகின்றன என்பது அவருக்குக் கடவுளின் திட்டம். அது கொடிவழி என்று சொல்ல 1859-இல் டார்வின் வர வேண்டியிருந்தது.

பட்டா மாறுவது இன்றும் நிற்கவில்லை. நம் மாநில விலங்கான வரையாடு, இமயமலையின் 'தார்' என்ற காட்டு ஆட்டுடன் ஒரே பேரினத்தில் இருந்தது. 2005-இல் மரபணுவைப் பார்த்தால் அது செம்மறியாட்டுப் பக்கம் நெருங்கி நின்றது, அதனால் நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் கொடுத்தார்கள். ராஜநாகம் நெடுங்காலம் ஒரே சிற்றினம். 2024-இல் அதை நான்காகப் பிரித்தார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்கு ஓஃபியோஃபேகஸ் காளிங்கா என்று பெயர். ராஜநாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, நம் பதிவேடுதான் திருந்தியது. சொல்லப்போனால் அது நல்ல பாம்பின் பேரினமும் இல்லை, தனி.

மருமகன் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப செடி, விலங்கு ரெண்டு ஒலகம் மட்டும்தானா?" என்றான். ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 1969-இல் அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர் ஐந்து உலகம் என்றார், காளானுக்கு அதில் தனி உலகம். 1990-இல் நுண்ணுயிரியலாளர் வோஸ் அதற்கும் மேலே மூன்று பெரும் பிரிவுகளைப் போட்டார், அதில் இரண்டு முழுக்க முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

காளான் என்றதும் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். புரட்டாசி மாதம் முழுக்க அவள் வீட்டில் கறிக்குப் பதில் காளான்தான். வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. காளான் செடியே கிடையாது, இலை இல்லை, பச்சையம் இல்லை, அதன் செல் சுவரில் இருக்கிற கைட்டின் என்ற பொருள் இறால் ஓட்டில் இருப்பது, கொடிவழியில் அது செடியைவிட விலங்குக்குத்தான் சொந்தம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா கணவாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் ஒன் கொடிவழியோட வச்சுக்கோ. பெருமாளுக்குத் தெரியும்."